பத்தொன்பது பேரின் முதல்வர்

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒவ்வொரு சட்டப்பேரவைத் தேர்தலின்போதும் எழுகிறது. ஏதோ நம் காலத்தில்தான் முளைத்த சிக்கல் போல அதைப் பற்றி விவாதிக்கிறோம். ஆனால், குடியரசாகி ஐந்தாண்டுகள் நிறைவதற்குள்ளேயே இந்தியா அந்தச் சிக்கலை முழு அளவில் சந்தித்துவிட்டது. அது நிகழ்ந்த இடம் திருவனந்தபுரம், ஆண்டு 1954.

திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தின் 117 உறுப்பினர் கொண்ட பேரவையில் வெறும் 19 இடங்களைப் பெற்ற கட்சியின் தலைவர் முதலமைச்சரானார். மொத்த இடங்களில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அரசு பதினோரு மாதங்கள் நிறைவதற்குள் கவிழ்ந்தது. அந்தப் பேரவையே இரண்டு ஆண்டுகளில் கலைந்தது. அதன் குறுகிய வாழ்நாளுக்குள் ஒரு துப்பாக்கிச்சூடு நடந்தது. ஓர் அகில இந்தியக் கட்சி பிளவுபட வழி பிறந்தது. ஒரு மாநிலத்தின் எல்லையே மாறுவதற்கான காலம் கனிந்தது.

அந்த முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை.

குமரி மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்ப்பக்கம் அவர் பெயர் ஒரே ஒரு தேதியோடு மட்டும் பிணைந்து கிடக்கிறது: 1954 ஆகஸ்ட் 11. அந்தத் தேதியை மறக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால், 85 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரை ஒரு நாளின் வழியாக மட்டும் பார்ப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. அந்த நாள் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

பொறுப்பாட்சிக்கான போராட்டம்

1885ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தவர் தாணு பிள்ளை. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம் என்பது அந்நகரின் ஒரு பகுதி. கல்லூரிப் படிப்பை முடித்துச் சில காலம் அரசுப் பணியில் இருந்தார். பிறகு சட்டம் பயின்று வழக்கறிஞரானார். நன்றாக நடந்த தொழிலை விட்டு அரசியலுக்கு வந்தவர்களின் தலைமுறை அது. அவரும் அவர்களில் ஒருவர்.

திருவிதாங்கூர் அப்போது மன்னராட்சிச் சமஸ்தானம். கல்வியிலும் பொதுச் சுகாதாரத்திலும் இந்தியாவின் பல பகுதிகளுக்கு முன்னோடியாக விளங்கிய நாடு. ஆனால், ஆட்சி மக்களுக்குப் பொறுப்பானதாக இல்லை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் கையில் அதிகாரம் முழுவதும் குவிந்திருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கட்டுப்பட்ட ஆட்சி வேண்டும் என்ற கோரிக்கையோடு 1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானபோது அதன் முதல் தலைவரானார் தாணு பிள்ளை. டி.எம். வர்கீஸ், சி. கேசவன் ஆகியோர் அவருடன் நின்றனர். நாயர், கிறிஸ்தவர், ஈழவர் என மூன்று பெரும் சமூகங்களைச் சேர்ந்த மூவர் ஒரே மேடையில் நின்றது சாதி, மதக் கணக்குகளில் ஊறிப்போன அந்நாட்டு அரசியலில் சாதாரண நிகழ்வன்று.

அந்த ஆண்டு திருவிதாங்கூருக்குக் கொந்தளிப்பான ஆண்டு. நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. ஸ்டேட் காங்கிரஸுக்கு நெருக்கமானவர்களைப் பழிவாங்கத் திவான் செய்த வேலை அது என்று இயக்கத்தினர் உறுதியாக நம்பினார்கள். ஆகஸ்டில் சட்டமறுப்பு தொடங்கியது. தாணு பிள்ளை கைதானார். நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மக்கள் மீது குண்டு பாய்ந்தபோது அதைக் கண்டித்த இயக்கத்தின் தலைவர் தாணு பிள்ளை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

திவானின் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டுகளை அடுக்கி ஸ்டேட் காங்கிரஸ் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தது. தனிமனிதரைத் தாக்குவது போராட்டத்தின் நோக்கத்தைத் திசைதிருப்பும் என்று காந்தியடிகள் அறிவுரை கூறியதால் அந்த ஆண்டின் இறுதியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். தலைமை பணிந்துவிட்டது என்று கருதிய இளைஞர்கள் பலர் இயக்கத்தைவிட்டு விலகினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரே பின்னர் திருவிதாங்கூரில் கம்யூனிஸ்ட் கட்சியை வளர்த்தெடுத்தவர்கள். 1954இல் பேரவையில் தாணு பிள்ளைக்கு எதிரே அமர்ந்த அரசியலின் விதை 1938லேயே ஊன்றப்பட்டுவிட்டது.

1946 அக்டோபரில் புன்னப்புரை - வயலாரில் தொழிலாளர் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. 1947இல் திருவிதாங்கூர் தனிநாடாகவே இருக்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25 அன்று அவர் மீது நடந்த கொலை முயற்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் 1948இன் தொடக்கத்தில் நடந்தது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களைப் பெற்றது. மார்ச் 24 அன்று தாணு பிள்ளை திருவிதாங்கூரின் முதல் மக்கள் பிரதமரானார். கேசவனும் வர்கீஸும் அவரது அமைச்சர்கள்.

ஐந்தில் நான்கு பங்கு பெரும்பான்மை இருந்தும் அந்த அரசு ஏழு மாதம்தான் நீடித்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே நம்பிக்கை இழந்து அக்டோபரில் பதவி விலகினார். பெரும்பான்மை இருந்தால் ஆட்சி நிலைக்கும் என்பது எப்போதும் உண்மையில்லை. இணங்கிப் போகும் இயல்பு அவருக்கு வாய்க்கவில்லை. நேர்மையில் யாரும் குறை காணாத மனிதர். ஆனால், தன் முடிவே இறுதி முடிவு என்று எண்ணும் பிடிவாதமும் உடன்பிறந்தது. சில ஆண்டுகளில் காங்கிரஸை விட்டு விலகிச் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார்.

ஐந்து கணக்குகள்

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1952 தேர்தலில் 108 இடங்களில் காங்கிரஸுக்கு 44 கிடைத்தன. ஏ.ஜே. ஜான் தலைமையில் அமைந்த அரசு, 8 உறுப்பினர்களைக் கொண்டிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவில் நின்றது. தமிழர் பெரும்பான்மையாக வாழும் தென் தாலுகாக்களையும் தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை முதலிய பகுதிகளையும் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்பது மார்ஷல் நேசமணி வழிநடத்திய அந்தக் கட்சியின் ஒரே இலக்கு. அது நிறைவேறும் அறிகுறி தென்படாத நிலையில் ஆதரவு விலகியது. 1953 செப்டம்பரில் ஜான் அரசு கவிழ்ந்து பேரவை கலைக்கப்பட்டது.

1954 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சி 9, சுயேச்சைகள் 9. ஆட்சி அமைக்கத் தேவையானது 59.

வகுப்பறையில் பேரம் பற்றிய கோட்பாட்டைக் கற்பிக்கும்போது இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். ஒரு கட்சியின் வலிமை அதன் இடங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அது சேர்ந்தால் எத்தனை கூட்டணிகள் வெற்றி பெறும் என்பதில்தான் இருக்கிறது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காங்கிரஸும் தமிழ்நாடு காங்கிரஸும் சேர்ந்தால் 57, இரண்டு குறைவு. இடதுசாரிகள் இருவரும் பிரஜா சோஷலிஸ்டுகளும் சேர்ந்தால் 51, எட்டுக் குறைவு. இந்த மூவரோடு தமிழ்நாடு காங்கிரஸ் சேர்ந்தால் 63, போதும். காங்கிரஸும் பிரஜா சோஷலிஸ்டுகளும் சேர்ந்தால் 64, அதுவும் போதும். காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தால் 68. ஆனால், அது அன்று யாரும் கனவிலும் காணாத கூட்டு.

எனவே, 19 பேரை வைத்திருந்த தாணு பிள்ளையின் கையில்தான் சாவி இருந்தது. அவருக்கு முன்னே இரண்டு வழிகள் திறந்திருந்தன. தேர்தலில் தம் கட்சியோடு உடன்பாடு வைத்துக்கொண்ட இடதுசாரிகளோடும் தமிழர்களோடும் சேர்வது ஒன்று. தேர்தலில் எதிர்த்து நின்ற காங்கிரஸின் ஆதரவை ஏற்பது மற்றொன்று. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதை எப்படியும் தடுக்க விரும்பிய காங்கிரஸ், அமைச்சரவையில் பங்கு கேட்காமல் வெளியிலிருந்தே ஆதரிக்க முன்வந்தது. தாணு பிள்ளை இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 1954 மார்ச் நடுவில் 68 வயதில் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அமைச்சரவையில் இருந்தவர்கள் அனைவரும் அவருடைய கட்சியினரே.

அந்தத் தேர்வை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. கம்யூனிஸ்டுகள் மீது அவருக்கு ஆழ்ந்த அவநம்பிக்கை இருந்தது. தமிழ்நாடு காங்கிரஸின் விலையோ மாநிலத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பது. அதை அவர் ஒருபோதும் தரமாட்டார். அவர் நடந்த வழி அவருடைய நம்பிக்கைகளுக்கு ஒத்ததுதான். ஆனால், எந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. வெளியிலிருந்து ஆதரிப்பவருக்கு அதிகாரம் உண்டு, பொறுப்பு இல்லை. ஆட்சியில் இருப்பவருக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை. நன்மை விளைந்தால் பங்கு கேட்கலாம். தீமை விளைந்தால் கைகழுவிவிடலாம் என்ற நிலையில் இருப்பவர், அரசு நீடிக்க வேண்டும் என்று உள்ளபடியே விரும்ப எந்தக் காரணமும் இல்லை.

நிலமும் நெல்லும்

அந்தப் பதினோரு மாத ஆட்சியை வீணான காலம் என்று சொல்வது தவறு. நிதியமைச்சராக இருந்தவர் பி.எஸ். நடராஜ பிள்ளை. தமிழறிந்த எவருக்கும் நெருக்கமான ஒருவரின் மகன் அவர். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மகன். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டதற்காகக் குடும்பச் சொத்தைச் சமஸ்தான அரசிடம் பறிகொடுத்தவர். குத்தகைதாரர்களின் உரிமை, நில உச்சவரம்பு உள்ளிட்ட நிலச் சீர்திருத்த மசோதாக்களை இந்த அமைச்சரவை பேரவையின் முன் கொண்டுவந்தது. 1957க்குப் பிறகு கேரளத்தில் பெரும் புயலைக் கிளப்பிய நிலச் சீர்திருத்தத்தின் முன்வரைவு இங்கே இருந்தது என்பதைப் பலரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பெரும் நிலவுடைமையாளர்களின் செல்வாக்கு மிகுந்த காங்கிரஸின் தயவில் நின்ற ஓர் அரசு, அத்தகைய சட்டத்தை நிறைவேற்றிவிட முடியுமா? அரசு கவிழ்ந்தபோது உச்சவரம்புக் கனவும் அதனோடு கவிழ்ந்தது.

எல்லைச் சிக்கலின் அடியிலும் நிலம்தான் இருந்தது. மொழியுணர்வின் கதையாக மட்டுமே அதைச் சொல்வது நம் வழக்கம். திருவிதாங்கூர் - கொச்சி மக்கள் நெருக்கம் மிகுந்த, உணவு தானியத்தில் பற்றாக்குறையுள்ள மாநிலம். தேங்காய், மிளகு, தேயிலை, ரப்பர் எனப் பணப்பயிர்களை விற்று அரிசி வாங்கிய நாடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாடு, கோதையாற்றுத் திட்டத்தின் பேச்சிப்பாறை அணைநீரால் விளைந்த நெற்களஞ்சியம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோய்ப் பசியைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, நெல் விளையும் நிலத்தை இழப்பது வெறும் வரைபட மாற்றமாகத் தோன்றியிருக்காது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளோ தேயிலையும் ஏலக்காயும் நீர்வளமும் கொண்டவை. அங்கே பெரும்பான்மையாக இருந்தவர்கள் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள்.

அந்த மலைப்பகுதியில் நிலமற்ற மலையாளக் குடும்பங்களைச் சிறு நிலத்துண்டுகள் கொடுத்துக் குடியேற்றும் திட்டம் இவர் காலத்தில் தொடங்கியது. இடுக்கி மாவட்டத்தில் பட்டம் காலனி என்ற பெயரில் அதன் நினைவு இன்றும் நிற்கிறது. உணவு உற்பத்தியைப் பெருக்கவும் நிலமற்றவர்களுக்கு வாழ்வளிக்கவும் தீட்டப்பட்ட திட்டம் என்பது அரசின் விளக்கம். மக்கள்தொகைக் கணக்கை மாற்றும் முயற்சி என்பது தமிழர் இயக்கத்தின் குற்றச்சாட்டு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டுவிட்டிருந்தது. எல்லைகள் தீர்மானிக்கப்படவிருந்த நேரத்தில் நடந்த குடியேற்றத்தின் அரசியல் விளைவை அறியாதவரல்லர் தாணு பிள்ளை.

ஆகஸ்ட் 11

1954 கோடையில் தமிழ்நாடு காங்கிரஸ் தன் போராட்டத்தைத் தேவிகுளம் பகுதிக்கும் கொண்டுசென்றது. தடையை மீறிய தலைவர்கள் கைதானார்கள். தென் தாலுகாக்களில் கடையடைப்பும் ஊர்வலமும் தொடர்ந்தன. ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க இயக்கம் அறைகூவல் விடுத்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய மக்கள் மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. பலர் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து கைதுகளும் அடக்குமுறையும் கிராமங்கள் வரை நீண்டன. புதுக்கடையில் ஆண்டுதோறும் அந்நாளில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. மாண்டவர்கள் பெரும் தலைவர்கள் அல்லர். எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். செய்தியை அறிந்ததும் தம் கட்சியின் அரசு உடனே பதவி விலக வேண்டும், துப்பாக்கிச்சூடு குறித்து விசாரணை நடத்த வேண்டும் என்று கோரினார். ஆயுதமற்ற மக்களைச் சுடும் வழக்கத்தை அயலாட்சியோடு புதைத்துவிட வேண்டும். காங்கிரஸுக்கு மாற்று என்று சொல்லிக்கொள்ளும் கட்சி அதில் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. தாணு பிள்ளை மறுத்தார். சட்டம் ஒழுங்கைக் காப்பது எந்த அரசுக்கும் உரிய கடமை என்பது அவர் வாதம். கட்சித் தலைமை முதலமைச்சரின் பக்கம் நின்றது. நவம்பரில் நாக்பூரில் கூடிய சிறப்பு மாநாடும் அதையே உறுதிசெய்தது. லோகியா பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டின் இறுதியில் அவர் தனியாகச் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். காங்கிரஸுக்கு அகில இந்திய மாற்றாக வளர்ந்திருக்கக்கூடிய ஓர் இயக்கம் இரண்டாகப் பிளந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், விரிசல் வெளிப்பட்டது குமரியில் சிந்திய இரத்தத்தில்தான்.

1938இல் மக்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டைக் கண்டித்தவர், 1954இல் ஏன் அதை நியாயப்படுத்தினார்? அதிகாரம் மனிதனை மாற்றிவிடும் என்ற எளிய விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. இங்கேதான் மறுபடியும் எண்களிடம் போக வேண்டியிருக்கிறது. அவருடைய அரசு நிற்க 64 பேர் போதும். அந்த 64இல் தமிழ்நாடு காங்கிரஸின் 12 பேருக்கு இடமில்லை. அவர்களைச் சந்தித்துப் பேசியே ஆக வேண்டும் என்ற தேவை அரசுக்கு எண்ணிக்கையளவில் இல்லை. ஆதரித்த காங்கிரஸுக்கோ, எது நடந்தாலும் பழி தன்மீது விழாது. பேரவைக்குள் பேச்சுவார்த்தைக்கு இடமின்றிப் போன கோரிக்கை தெருவுக்கு வந்தது. தெருவில் அதைச் சந்தித்தது காவல்துறை.

இது விளக்கம்தான், மன்னிப்பு அன்று. சுட உத்தரவிடும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவரது அரசு பொறுப்பேற்றிருக்க வேண்டும். பதவி விலகியிருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது இன்னும் ஆறு மாத ஆட்சி. பெற்றிருக்கக்கூடியது, இந்திய அரசியலில் அதுவரை இல்லாத ஒரு முன்மாதிரி. அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்க்கவில்லை.

கலைந்த பேரவை

1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு தோற்றது. தூக்கி நிறுத்திய கையே இழுத்துக் கவிழ்த்தது. காங்கிரஸின் பனம்பிள்ளி கோவிந்த மேனன், தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவையும் பெற்று முதலமைச்சரானார். ஓராண்டுக்கு முன்பு 57 என்று நின்றுபோன அதே கூட்டு, சிலரைச் சேர்த்துக்கொண்டு இப்போது ஆட்சிக்கு வந்தது.

1955 செப்டம்பர் இறுதியில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குச் செல்ல வேண்டும், தேவிகுளமும் பீர்மேடும் புதிய கேரளத்தில் இருக்க வேண்டும் என்றது. யாருக்கும் முழு நிறைவில்லாத தீர்ப்பு. எல்லைப் பிரச்சினையின் கொதிப்புக்கிடையே காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் விலக, 1956 மார்ச்சில் பனம்பிள்ளி அரசும் வீழ்ந்தது. மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, பேரவை கலைந்தது. 1952க்கும் 1956க்கும் இடையே இரண்டு பேரவைகள், மூன்று அமைச்சரவைகள். நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் - கொச்சி என்ற மாநிலமே வரைபடத்திலிருந்து மறைந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

தாணு பிள்ளையின் அரசியல் அத்தோடு முடியவில்லை. 1957 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வென்றார்கள். பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 9 இடங்களே கிடைத்தன. 1959இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்ட பிறகு, 1960இல் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவை சேர்ந்து வென்றன. 126 இடங்களில் காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 20. ஆனாலும், 74 வயதுத் தாணு பிள்ளையே முதலமைச்சரானார். 19 இருந்த இடத்தில் 20. மற்றபடி அதே கதை. இம்முறை காங்கிரஸ் அமைச்சரவைக்குள்ளேயே இருந்ததால் ஆட்சி இரண்டரை ஆண்டு நீடித்தது. 1962இல் அவர் பஞ்சாப் ஆளுநராக அனுப்பப்பட்டார். காங்கிரஸின் ஆர். சங்கர் முதலமைச்சரானார், பிரஜா சோஷலிஸ்டுகள் விரைவிலேயே கூட்டணியிலிருந்து வெளியேறினார்கள். ஒரு கட்சியின் முதலமைச்சரை ஆளுநர் மாளிகைக்கு உயர்த்தி, அவர் அமர்ந்த நாற்காலியைக் கைப்பற்றும் உத்தி வேலை செய்தது. பின்னர் ஆந்திரப் பிரதேச ஆளுநராகவும் இருந்து ஓய்வு பெற்றார். 1970 ஜூலை 27 அன்று மறைந்தார்.

எண்ணிக்கை சொல்லாதது

கேரளம் அதன் பிறகும் பாடம் கற்றுவிடவில்லை. 1965 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தப் பேரவை ஒருநாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. ஆனால், பிறகு அந்த மாநிலம் கூட்டணி ஆட்சியை ஒரு கலையாகவே வளர்த்துக்கொண்டது. தேர்தலுக்கு முன்பே உடன்பாடு, பொதுவான செயல்திட்டம், அமைச்சரவையில் பங்கு, அதனால் பழியிலும் பங்கு என்று நடைமுறைகள் உருவாயின. அந்த அனுபவத்தின் முதல் அத்தியாயம் 1954.

தெளிவற்ற தேர்தல் முடிவு வந்தால் நிலையான ஆட்சி வேண்டும் என்று அனைவரும் கூக்குரலிடுகிறோம். நிலைத்தன்மை என்பது 59ஐத் தாண்டுவது மட்டும் என்று எண்ணிவிடுகிறோம். 97 பேர் இருந்தும் ஏழு மாதத்தில் கவிழ்ந்தார் தாணு பிள்ளை. 19 பேரை வைத்துக்கொண்டு அதைவிடக் கூடுதலாக நான்கு மாதம் ஆண்டார். எண்ணிக்கையைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் உண்டு. ஆதரிப்பவர் பொறுப்பையும் ஏற்கிறாரா என்பது ஒன்று. ஆட்சிக்குத் தேவைப்படாத உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் குரலை அரசு கேட்கிறதா என்பது மற்றொன்று. 1954இல் இரண்டுக்கும் விடை இல்லை என்பதே.

பட்டம் தாணு பிள்ளை கொடுங்கோலர் அல்லர். மன்னராட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். நிலமற்றவர்களுக்காகச் சட்டம் கொண்டுவர முயன்ற அரசின் தலைவர். அத்தகையவரின் ஆட்சியில்தான் எங்கள் மண்ணில் குண்டு பாய்ந்தது. கெட்டவர்கள் ஆண்டால்தான் மக்கள் மீது துப்பாக்கி திரும்பும் என்று நம்புவது நமக்கு ஆறுதல் தரலாம். 1954 அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. பேரவையில் பன்னிரண்டு பேரைப் புறந்தள்ளிவிட முடியும் என்ற நிலை வந்தால், நல்ல மனிதரும் அவர்களைப் புறந்தள்ளக்கூடும்.

எனவே, அடுத்த முறை எந்தத் தலைநகரிலாவது தொங்கு பேரவை அமைந்து, யார் யாரோடு சேர்ந்தால் எத்தனை என்று நாம் கூட்டிப் பார்க்கும்போது, கூட்டலில் சேராமல் விடுபட்டவர்கள் யார் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் மாண்டவர்கள் அந்தக் கூட்டலில் விடுபட்டவர்களுக்கு வாக்களித்த மண்ணைச் சேர்ந்தவர்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).